பாடகருக்கு இடப்புறம்

2024 மார்ச் 17 அன்று சென்னை மியூசிக் அகாடமி, கர்நாடக இசையின் பெரிய பட்டமாகக் கருதப்படும் சங்கீத கலாநிதி விருதுக்கு அவ்வாண்டு பாடகர் டி.எம். கிருஷ்ணாவைத் தேர்ந்தெடுத்திருப்பதாக அறிவித்தது. சில நாள்களுக்குள் பாடகிகளான ரஞ்சனி, காயத்ரி சகோதரிகள், கிருஷ்ணா பெரியாரைப் போற்றுவதைக் காரணம் காட்டி, அவர் தலைமை வகிக்கும் அகாடமி மாநாட்டிலிருந்து தாங்கள் விலகுவதாகவும், டிசம்பர் 25 அன்று பாடவிருந்த கச்சேரியைக் கைவிடுவதாகவும் வெளிப்படையாக எழுதினார்கள். திருச்சூர் சகோதரர்களும், ஹரிகதை சொல்லும் விசாகா ஹரியும், உபன்யாசகர் துஷ்யந்த் ஸ்ரீதரும் அதே முடிவை எடுத்தார்கள். சித்திரவீணை ரவிகிரண் தமக்கு 2017இல் அளிக்கப்பட்ட கலாநிதிப் பட்டத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தார். அகாடமித் தலைவர் என். முரளி பதில் எழுதினார். அதன் பிறகு பல மாதங்களுக்கு, பெரியாரில் தொடங்கித் தியாகராஜர் வழியாக இராமபிரான் வரைக்கும் இந்தச் சர்ச்சையில் இழுக்கப்படாதவர் எவரும் இல்லை.

நான் வயலின் வாசித்துப் பிழைப்பவள். பெரும்பாலும் பக்கவாத்தியமாக, எப்போதாவது தனிக் கச்சேரியாக. அந்த மாதங்களில் வெளிவந்த கட்டுரைகளையும் அறிக்கைகளையும் ஏறக்குறைய விடாமல் படித்தேன். இரு தரப்பிலும் கூர்மையாக எழுதியவர்கள் இருந்தார்கள். ஆனால் ஒரு முதன்மைக் கலைஞர் கச்சேரியிலிருந்து விலகும்போது, அவருக்காகத் தேதியை ஒதுக்கி வைத்திருந்த வயலின்காரரும் மிருதங்கக்காரரும் கடக்காரரும் என்ன ஆகிறார்கள் என்ற கேள்வியை எந்தத் தரப்பும் எழுப்பவில்லை. ரஞ்சனியும் காயத்ரியும் வயலினில் தொடங்கி, வயலின் கச்சேரிகள் செய்து, பின்னர் வாய்ப்பாட்டுக்கு வந்தவர்கள் என்பதால், அவர்களுடைய கடிதத்திலாவது அப்படி ஒரு வரி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. கொள்கைக்காக விலகுவது அவர்களுடைய உரிமை, அதில் எனக்கு மறுப்பு கிடையாது. கிருஷ்ணாவின் சங்கீதத்துக்கு அந்த விருது தகும் என்பதும் என் கருத்து. இரண்டையும் ஒரே மனம் ஏற்றுக்கொள்ள முடியும் என்பதை அந்த ஆண்டு யாரிடம் சொன்னாலும் நம்பத் தயாராக இல்லை.

சென்னையின் டிசம்பர் இசை சீசனில் ஒரு நாள் என்பது எங்கள் தொழிலில் எளிதாக ஈடுகட்டக்கூடியது அன்று. ஒரு பாடகரின் பெரிய சபாக் கச்சேரிக்கு ஒப்புக்கொண்டபின், அதே மாலை வேறு சபாவில் வந்த அழைப்பை மறுத்துவிடுகிறோம். முதல் கச்சேரி பிற்பாடு கலைந்துபோனால் இரண்டும் போய்விடும். காலியான நேரத்துக்கு வேறு பாடகர் வருவார், அவருக்கென்று வழக்கமான பக்கவாத்தியம் இருக்கும். எழுத்தில் எதுவும் இருப்பதில்லை. பெரும்பாலும் பாடகர் தொலைபேசியில் கேட்பார், நாங்கள் சரி என்போம், அத்துடன் ஒப்பந்தம் முடிந்தது. சன்மானம் எவ்வளவு என்று கேட்பதற்கே இளையவர்கள் தயங்குவார்கள். பாடகர் பெறுவதில் ஒரு சிறு பகுதிதான் வயலினுக்கு வரும், அதில் இன்னும் குறைந்த பகுதி கடத்துக்கும் கஞ்சிராவுக்கும் போகும். வகுப்பும் வெளியூர்ப் பயணமும் இல்லாவிட்டால் பக்கவாத்தியத்தை மட்டும் நம்பிச் சென்னையில் குடும்பம் நடத்துவது கடினம்.

அந்தச் சர்ச்சையின் இரண்டாம் பகுதி நீதிமன்றத்தில் நடந்தது. 'தி இந்து' குழுமம் 2005இல் நிறுவிய, எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரிலான ஒரு லட்ச ரூபாய்ப் பரிசு, ஆண்டுதோறும் கலாநிதி பட்டம் பெறுபவருக்கே போகும். எம்.எஸ்.ஸைப் பற்றி முன்பு விமர்சித்து எழுதியவருக்கு அவர் பெயரிலேயே பரிசா என்று எம்.எஸ்.ஸின் பேரன் வழக்குத் தொடர்ந்தார். தம் நினைவாக அறக்கட்டளையோ சிலையோ நினைவுச் சின்னமோ கூடாது என்று 1997இல் எம்.எஸ். எழுதிய உயில் சான்றாக வந்தது. 2024 நவம்பர் 19 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி எம்.எஸ். பெயரைப் பயன்படுத்தத் தடை விதித்தார். டிசம்பர் 13 அன்று இரு நீதிபதிகள் அமர்வு தடையை நீக்கியது. 15 அன்று பரிசு வழங்கப்பட்டது. மறுநாளே உச்ச நீதிமன்றம், கிருஷ்ணா தம்மை அப்பரிசு பெற்றவராகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று இடைக்கால உத்தரவிட்டது. இவ்வளவு வேகமாகச் சங்கீத உலகில் வேறு எந்தக் காரியமும் நடந்து நான் பார்த்ததில்லை. சட்ட நுணுக்கத்தில் எனக்குப் பயிற்சி கிடையாது என்பதால் இதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

கிருஷ்ணாவைப் பற்றிய விவாதத்தில் ஒரு வயலின்காரி சொல்லக்கூடியது வேறு ஒன்று உண்டு. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் வகுத்துத் தந்த கச்சேரி முறையைக் கிருஷ்ணா பல ஆண்டுகளாகக் கலைத்துப் பார்த்தவர். தொடக்கத்தில் பாடவேண்டிய வர்ணத்தை நடுவில் பாடுவார், தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனியாவர்த்தனத்தை எதிர்பாராத இடத்தில் வைப்பார், பக்கவாத்தியக்காரர்களோடு அரைவட்டமாக அமர்வார். சில வேளைகளில் ஒரு ராகத்தைச் சொற்களின்றி விரித்துக் காட்டும் ஆலாபனையை வயலினிடமே ஒப்படைத்துவிடுவார். ரசிகர்களில் ஒரு பகுதியினர் இதற்காக அவரைக் கடிந்துகொண்டார்கள், இன்னொரு பகுதியினர் புரட்சி என்றார்கள். வழக்கமான கச்சேரியில் பாடகர் இருபது நிமிடம் ஆலாபனை செய்தால் எங்களுக்குப் பத்து நிமிடம் கிடைக்கும். அவர் விட்டுவைத்த பிரயோகங்களைத் தேடிப்பிடித்து, அவரைவிட மிஞ்சிவிடாமல், குறைந்தும் போகாமல், அவருடைய மனநிலை கலையாமல் வாசித்து முடிக்க வேண்டும். அந்த எல்லையைத் தளர்த்தும் எவரையும் நாங்கள் நன்றியோடு பார்ப்போம். ஆயினும் அந்த மேடையிலும் தளர்த்தியவர் பாடகர்தான். அவருக்கு விருப்பமிருக்கும் நாளில் வயலினுக்கு ஆலாபனை உண்டு, விருப்பமில்லாத நாளில் இல்லை. இன்ன ராகத்தை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு வயலின்காரர் மேடையில் சொல்லி, பாடகர் கேட்டுக்கொண்டிருந்த கச்சேரியைப் பற்றிப் புகழ்ந்தோ வைதோ எவரும் எழுதி நான் படித்ததில்லை.

வயலின் இந்த இடத்துக்கு வந்த வரலாறே சுவையானது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், சென்னைக் கோட்டையைச் சேர்ந்த ஐரோப்பியக் கலைஞரிடம் இக்கருவியைப் பயின்றார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதில் தேர்ந்து, 1834இல் சுவாதித் திருநாள் மன்னரிடம் யானைத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசாகப் பெற்றார். நின்றுகொண்டு தோளில் வைத்து வாசிக்கும் கருவியைச் சம்மணமிட்டு அமர்ந்து, அதன் தலைப்பகுதியைக் கணுக்காலில் தாங்கி, நான்கு தந்திகளையும் ஸட்ஜம், பஞ்சமம் என்று மாற்றிச் சுருதி கூட்டி, குரலின் அசைவுகளான கமகங்களைத் தொடர்ந்துவரும்படி செய்தது நம்மவர்களின் பெரும் சாதனை. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கூடத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டும் என்று மைசூர் சௌடையா ஏழு தந்தி வயலினை உருவாக்கிக்கொண்டார். துவாரம் வெங்கடசாமி நாயுடு வயலினைத் தனிவாத்தியமாக நிமிர்த்தி நிறுத்தினார். அதன் பிறகு லால்குடி ஜயராமன், டி.என். கிருஷ்ணன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் என்ற மூவர் வந்தார்கள். இவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் பாடகர் வயிற்றில் புளியைக் கரைக்கும் என்று என் குருநாதர் சொல்வார்.

அந்த மூவரில் கிருஷ்ணன் 1980இலும் கோபாலகிருஷ்ணன் 1997இலும் சங்கீத கலாநிதி பெற்றார்கள். லால்குடி ஜயராமன் பெறவில்லை. அகாடமி அவருக்குப் பிற்காலத்தில் வாழ்நாள் சாதனைக்காகத் தனியாக ஒரு விருது அளித்தது என்றாலும், 1942இல் ஏற்படுத்தப்பட்ட அந்தப் பட்டத்தின் நீண்ட வரிசையில் அவர் பெயர் கிடையாது. மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையின் பெயரும் கிடையாது. ஒரு பட்டத்தை யாருக்குக் கொடுத்தார்கள் என்பதற்காக ஓராண்டு முழுவதும் சண்டை போட்ட நகரம், யாருக்குக் கொடுக்கவில்லை என்பதற்காக ஒரு நாளும் கச்சேரியைக் கைவிட்டதாகத் தெரியவில்லை. மிருதங்கத்துக்கு முதன்முறையாக அந்தப் பட்டம் வந்தது 1966இல், பாலக்காடு மணி ஐயருக்கு. பழனி 1962இலேயே மறைந்துவிட்டார்.

பழனியின் வாழ்க்கை வயலின் வாசிப்பவர்களுக்கு நெருக்கமான ஒரு பாடத்தைக் கொண்டது. அவர் இடக்கைக்காரர். வழக்கமாக, வலக்கையால் மிருதங்கம் வாசிப்பவர், வலந்தலை எனப்படும் அதன் வலப்பக்க முகம் அவைப்பக்கம் இருக்கும் பொருட்டுப் பாடகரின் வலப்புறம் அமர்வார், வயலின்காரர் இடப்புறம். இடக்கைக்காரர் வந்தால் இந்த ஏற்பாடு தலைகீழாக வேண்டும், வயலின்காரர் எழுந்து வலப்புறம் போக வேண்டும். அதற்கு இசையாத வயலின்காரர்கள் இருந்தார்கள். ஒரு மாபெரும் லயக் கலைஞருக்கு மேடை வாய்ப்புகள் குறைந்ததற்கு, எங்கள் வயலின் குலத்தவர் சிலர் இருக்கையை மாற்றிக்கொள்ள மறுத்ததும் ஒரு காரணம் என்பதை நாங்கள் அடிக்கடி பேசிக்கொள்வதில்லை. செம்பை வைத்தியநாத பாகவதர் போன்ற பாடகர் ஒருவர் துணிந்து அவரை அழைத்து உட்கார்த்தி வைத்ததால்தான் அந்தத் தடை உடைந்தது. அங்கேயும் கதவைத் திறக்கும் அதிகாரம் நடுவில் இருப்பவரிடம்தான் இருந்தது. இடம் மாறி உட்கார்ந்து நானும் வாசித்திருக்கிறேன். பாடகரின் உதடுகளை மறுபக்கத்திலிருந்து பார்த்துப் பழக ஓரிரு உருப்படிகள் ஆகும், அவ்வளவுதான்.

பெண்களின் விஷயத்துக்கு வருகிறேன். பாலக்காடு மணி ஐயர் நெடுங்காலம் பெண் பாடகர்களுக்கு வாசிக்கவில்லை, டி.கே. பட்டம்மாளுக்காக அந்த வழக்கத்தைத் தளர்த்திக்கொண்டார். அவரைப் போலப் பெண்களுக்கு வாசிக்காதிருந்த ஆண் வயலின்காரர்களும் இருந்தார்கள். காரணம் கேட்டால் சுருதியைக் காட்டுவார்கள். சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம்: ஆண் குரலுக்கு ஒன்று அல்லது ஒன்றரைக் கட்டை, பெண் குரலுக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டை. தந்தியின் இழுவிசை மாறும், வில்லின் அழுத்தம் மாறும், நேற்று ஒரு சுருதியில் பழகிய விரல் இன்று அதே ராகத்தில் வேறுவிதமாக விழும் என்பதெல்லாம் உண்மையே. ஆனால் இதற்கு மாற்று எளிதானது. பலர் இரண்டு வயலின் வைத்துக்கொள்கிறோம், தந்தியின் பருமனை மாற்றிக்கொள்கிறோம், இரண்டு சுருதியிலும் சாதகம் செய்கிறோம். பெண் வயலின்காரர்கள் ஆண் குரலுக்கு வாசிக்கக் கேட்கப்பட்டபோது சுருதியைக் காரணம் காட்டி எவரும் மறுத்ததாக நான் அறியேன்.

தடை எதிர்த்திசையிலும் உண்டு, அதைப் பற்றி இன்னும் குறைவாகவே பேசுகிறோம். பெண் வயலின்காரரைப் பக்கத்தில் அமர்த்திக்கொள்ள விரும்பாத ஆண் பாடகர்கள் இன்றும் இருக்கிறார்கள். யாரும் அதைக் கொள்கையாக அறிவிப்பதில்லை. "அவங்க நல்லாத்தான் வாசிக்கறாங்க, ஆனா நமக்குச் சரியா வராது" என்ற ஒரு வாக்கியத்தில் காரியம் முடிந்துவிடும். ஒரு மூத்த பாடகர் என்னை அழைத்து உறுதி செய்துவிட்டு, மிருதங்கக்காரர் தயங்குகிறார் என்ற காரணம் சொல்லி இரு வாரங்களில் வேறொருவரை அமர்த்திக்கொண்டார். பிற்பாடு அந்த மிருதங்கக்காரரையே ஒரு திருமண வீட்டில் சந்தித்தபோது, தமக்கு அப்படி ஒரு தயக்கமே இருந்ததில்லை என்றார். இருவரில் யார் சொன்னது உண்மை என்று ஆராய நான் முயலவில்லை. கடக் கலைஞர் சுகன்யா ராம்கோபால், தம்மோடு அமர்ந்து வாசிக்க மறுத்த மிருதங்கக் கலைஞர்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். தமக்கென்று பெண்கள் மட்டுமே கொண்ட ஒரு வாத்தியக் குழுவையும் அவர் அமைத்துக்கொண்டார். எம்.எல். வசந்தகுமாரிக்குப் பல ஆண்டுகள் வாசித்தவரும், ஆண் பாடகர்கள் பலருக்குப் பக்கத்தில் அமர்ந்தவருமான ஏ. கன்யாகுமரி 2016இல் கலாநிதி பெற்றபோது, பெண் வயலின் கலைஞர் ஒருவருக்கு அது முதல் முறை. பெண் பாடகருக்கு அந்தப் பட்டம் 1968இலேயே எம்.எஸ். வழியாக வந்துவிட்டது. பாட்டிலிருந்து வயலினுக்கு வந்துசேர ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

2018 அக்டோபரில் பாலியல் துன்புறுத்தல் பற்றிய குற்றச்சாட்டுகள் இணையத்தில் வரத் தொடங்கி, அகாடமி அவ்வாண்டின் சீசனிலிருந்து ஏழு கலைஞர்களை நீக்கியபோது, வெளியே இருந்தவர்களுக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. மேடைக்குப் பின்னால், பச்சை அறைக்குள் இருந்தவர்களுக்கு அவ்வளவு அதிர்ச்சி இருந்ததாக நான் நினைக்கவில்லை. பெயர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, விசாரிக்கப்படாத ஒன்றை விசாரிக்கும் இடம் இதுவன்று. அந்தக் குற்றச்சாட்டுகள் ஏன் பல ஆண்டுகள் வெளியே வரவில்லை என்பதை மட்டும் தொழிலுக்குள்ளிருந்து சொல்ல முடியும். ஓர் இளம் பக்கவாத்தியக்காரிக்கு அடுத்த கச்சேரி கிடைப்பது பாடகரின் அல்லது மூத்த லய வித்வானின் ஒரு சொல்லில் இருக்கிறது. சிஷ்யைக்கோ முதல் மேடை கிடைப்பதே குருவின் கையில். வேலைக்கு அமர்த்தியவர் யார் என்று எழுத்தில் இல்லாத தொழிலில் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? சபா, பாடகரைக் காட்டும். பாடகர், சபாவைக் காட்டுவார். அந்த ஆண்டு குழுக்கள் அமைத்தார்கள், அறிக்கைகள் விட்டார்கள். பக்கவாத்தியக்காரர் யாருடைய பொறுப்பில் வேலை செய்கிறார் என்ற அடிப்படைக் கேள்விக்கு மட்டும் விடை எழுதப்படவில்லை.

அதே 2018இன் ஆகஸ்டில் கர்நாடக மெட்டில் கிறித்தவப் பாடல் பாடலாமா என்றொரு புயல் அடித்தது. பாடகர் ஓ.எஸ். அருண் பாடவிருந்த அப்படியொரு நிகழ்ச்சி கைவிடப்பட்டது. மாதம் ஒரு பாடலை இயேசுவின் மேலோ அல்லாவின் மேலோ வெளியிடப் போவதாகக் கிருஷ்ணா அறிவித்தார். கிறித்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பதினெட்டாம் நூற்றாண்டில் பிறந்து இந்த இராகங்களில் பாடிவைத்ததும், ஆபிரகாம் பண்டிதர் 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற இசை ஆய்வு நூலை வெளியிட்டதும் தெரிந்தவர்களுக்கு, அந்தப் புயலில் புதுமை எதுவும் இல்லை. வயலினைப் பொறுத்தவரை இன்னும் எளிது. சாகித்தியம் எந்தக் கடவுளைப் பற்றியது என்பது வில்லுக்குத் தெரியாது. தேவாலயத்திலும் அது வாசிக்கப்பட்டிருக்கிறது, தேவஸ்தானத்திலும் வாசிக்கப்பட்டிருக்கிறது. நான் அதில் அதிக நேரம் செலவிட விரும்பவில்லை.

இவற்றோடு ஒப்பிட்டால் ஒலி அமைப்பு அற்ப விஷயமாகத் தோன்றலாம். மணி ஐயர் மைக்கையே எதிர்த்தார். அதற்கு அவர் சொன்ன காரணங்கள் வாத்தியங்களின் இயல்பான நாதத்தைப் பற்றியவை. இன்று மைக் இல்லாத கச்சேரி அரிது. மேடையில் வயலின் எவ்வளவு கேட்க வேண்டும் என்று முடிவு செய்வது யார்? பாடகர் ஒலிப் பொறுப்பாளரைப் பார்த்து விரலை மேலே காட்டுவார், தம் குரலுக்கு. அதே கையைத் தாழ்த்திக் காட்டுவார், அது பெரும்பாலும் எங்களுக்கு. ஒரே வரியைப் பலவாறு பாடும் நிரவலில் இருந்து, அப்போதைக்கப்போது ஸ்வரங்களைக் கோக்கும் கற்பனாஸ்வரத்துக்குப் போகும்போது மிருதங்கம் முழங்க, வயலின் கூடத்தில் கரைந்துவிடும். மறுநாள் விமர்சனத்தில் 'வயலின் அடக்கமாக ஒத்துழைத்தது' என்று ஒரு வரி வரும். அந்த அடக்கத்தில் எவ்வளவு என் முடிவு, எவ்வளவு ஒலிப்பலகையின் முடிவு என்று விமர்சகருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆலாபனைக்கு ஒரு வரியும் தனியாவர்த்தனத்துக்கு அரை வரியும் ஒதுக்கும் அந்த விமர்சன முறையே தனியாக எழுதப்பட வேண்டிய பொருள்.

2025ஆம் ஆண்டின் சங்கீத கலாநிதிக்கு ஆர்.கே. ஸ்ரீராம்குமாரை அகாடமி தேர்ந்தெடுத்தது. வயலின் கலைஞர், நெடுங்காலமாகக் கிருஷ்ணாவுக்கும் வேறு பல முன்னணிப் பாடகர்களுக்கும் வாசித்தவர், கீர்த்தனைகளின் பாடாந்தரத்தில், அதாவது வழிவழியாகப் பாடிவந்த வடிவங்களில், ஆழ்ந்த அறிவுடையவர். முந்தைய ஆண்டில் இரு கூடாரங்களாகப் பிரிந்து நின்றவர்கள் இருபுறமிருந்தும் அவரை வாழ்த்தினார்கள். எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அந்த மகிழ்ச்சியினூடே, நடுவில் அமர்பவர் வாயைத் திறந்தால்தான் சங்கீத உலகம் கொதிக்கும், பக்கத்தில் அமர்பவர் விருது பெற்றால் அமைதி திரும்பிவிடும் என்ற எண்ணமும் வந்தது. எங்களுக்குக் கருத்துகள் இல்லாமல் இல்லை. மூன்று மணி நேரம் ஒருவருடைய மூச்சைக் கூடக் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவரைப் பற்றியும் அவருடைய உலகத்தைப் பற்றியும் சொல்ல நிறைய இருக்கும். சொன்னால் அடுத்த அழைப்பு வராது.

ஆகவே என் கோரிக்கைகள் சிறியவை. சபா ஒரு கச்சேரியை உறுதி செய்யும்போது பக்கவாத்தியக்காரர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கடிதம் எழுத வேண்டும், அதில் சன்மானமும் தேதியும் இருக்க வேண்டும். முதன்மைக் கலைஞர் எந்தக் காரணத்துக்காக விலகினாலும், அது உடல்நலமாக இருக்கட்டும், கொள்கையாக இருக்கட்டும், குறிப்பிட்ட நாள்களுக்குள் விலகினால் பக்கவாத்தியங்களுக்கு ஒரு பகுதிச் சன்மானம் போய்ச்சேர வேண்டும். பணம் பாடகர் வழியாக அல்லாமல் நேரே வர வேண்டும். புகார் இருந்தால் யாரிடம் கொடுப்பது என்ற பெயரும் அந்தக் கடிதத்திலேயே இருக்கலாம். இவற்றில் எதற்கும் பெரிய செலவு கிடையாது, எவருடைய பக்தியும் பகுத்தறிவும் இதனால் புண்படப் போவதும் இல்லை.

2024இன் கொந்தளிப்பு அடங்கிய பிறகு ஒரு நடுத்தர சபாவின் செயலாளரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். நல்ல மனிதர், நல்ல ரசிகர், காம்போதி ராகத்தில் எந்தப் பிடி யாருடையது என்று சொல்லக்கூடியவர். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "நியாயம்தான் அம்மா. ஆனா அதையெல்லாம் பாடறவங்கதானே பார்த்துக்கணும்?" என்றார். பிறகு, வரும் சீசனில் தம் சபாவில் பாடவிருக்கும் ஓர் இளைஞரின் பெயரைச் சொல்லி, அவருக்கு வாசிக்க முடியுமா என்று விசாரித்தார். கடிதம் அனுப்புங்கள், வாசிக்கிறேன் என்றேன். சிரித்தார். இரண்டு நாள் கழித்து அந்த இளைஞர் தொலைபேசியில் அழைத்தார்.